சம்பந்தியம்மா இழுத்த வயர்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் பஸ்ஸம்மா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். அத்தனை வருஷமாக அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் அவள் ஏற்றிப்போன வாண்டுகள் இப்போது தங்கள் வாண்டுகளை அதே தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பஸ்ஸம்மா, இவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா வாந்தி எடுப்பான், பாத்துக்கோங்க" என்று சொல்வார்கள். "உன் பிள்ளைதானே, வேற எப்படி இருப்பான்?" என்பாள் அவள்.

அவள் கணவர் நில அளவையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தெருவே அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிட்டது. மலையடிவாரம், ஆற்றுப்படுகை, ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டல் என்று மாதத்தில் பாதி நாள் கூடாரத்தில் படுத்து எழுந்த உடம்பு அது. வீட்டுக்கு வந்தால் கட்டிலில் புரளுவார். "கட்டாந்தரையில வர்ற தூக்கம் மெத்தையில வரமாட்டேங்குது" என்பார்.

பிறகு அந்தக் குறட்டை வந்தது. முதலில் வீடே அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டது. "லாரி ரிவர்ஸ் எடுக்குது, வழி விடுங்க" என்று மகன் கேலி செய்வான். குறட்டை பஸ்ஸம்மாவைப் பயமுறுத்தவில்லை. அது நிற்கிற இடம்தான் பயமுறுத்தியது. ஓடிக்கொண்டிருக்கிற என்ஜின் திடீரென்று அணைந்துபோனது போல ஓர் அமைதி வரும். அவள் விரலை அவர் மூக்குக்கு அருகில் கொண்டுபோவாள். ஒன்றும் வராது. தோளைப் பிடித்து உலுக்குவாள். பெரிய மூச்சு ஒன்று விட்டுவிட்டு, கண்ணைக்கூடத் திறக்காமல் மறுபடியும் லாரியைக் கிளப்புவார். விடிந்ததும் கேட்டால், "நானா? கட்டை மாதிரி தூங்கினேனே" என்பார்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி என்று டாக்டர் சொன்னார். முகத்தில் முகமூடி மாதிரி ஒன்றை மாட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளுகிற சின்ன மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதை மாட்டிய முதல் வாரத்திலேயே அவர் முகத்தில் பழைய களை திரும்பியது. பஸ்ஸம்மாவும் பல மாதங்களுக்குப் பிறகு முழுசாகத் தூங்கினாள். அந்த மெஷினைத் துடைக்கும்போதெல்லாம் அவள் வாய் தன்னையறியாமல், "நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லும். பெற்ற பிள்ளையை வாழ்த்துகிற மாதிரி.

ஆனால் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். காடு மேடெல்லாம் அளந்தவர், படுக்கையறைச் சுவரில் இருந்த ஒரு பிளக்குக்குக் கட்டுப்பட்டவரானார். போகிற இடத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், எங்கே போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். சர்வேயர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சாப்பிட்ட பிறகு கொல்லைப்புறத்தில் போய் நின்று வானத்தைப் பார்ப்பார். "இன்னிக்குக் காத்து நல்லா வீசுது" என்பார். பிறகு உள்ளே வந்து பிளக்குக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். அவர் புலம்பியிருந்தால்கூட பஸ்ஸம்மாவுக்கு மனசு ஆறியிருக்கும். அந்தக் காற்றைப் பற்றிய ஒரு வரிதான் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

அவள் பஸ் போகிற வழியில், ஒரு வீட்டு மரத்தடியில் ஒரு கேம்பர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற சக்கர வீடு. இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, உட்காரும் பலகைக்குக் கீழே சாமான் வைக்க இடம். கூரை முழுக்கச் சருகு மூடியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பஸ்ஸம்மா கதவைத் தட்டினாள். அடுத்த விடுமுறையில் அது அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

சர்வேயர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது எதுக்கும்மா?"

"நீங்க தூங்கறதுக்கு."

"தூங்கறதுக்குத்தான் உள்ள கட்டில் இருக்கே?"

"இருக்கட்டும். அது எங்கயும் நகராது."

முதலில் அவள் தன் கையாலேயே காரியத்தை முடிக்கப் பார்த்தாள். பஸ் என்ஜினின் வயிற்று வலி, பல் வலி எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே. பேட்டரி என்ன பிரமாதம் என்று நினைத்துவிட்டாள். டிப்போவில் பஸ்ஸிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். கடையில் ஓர் இன்வெர்ட்டர் வாங்கினாள். இரண்டையும் இணைத்து மெஷினைச் செருகியதும் அது ஓடியது. "பாத்தீங்களா?" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அன்றைக்கே வாசலில் நின்ற டிரெய்லரில் இருவரும் படுத்துப் பார்த்தார்கள்.

விடிந்து பஸ்ஸம்மா கண் விழித்தபோது சர்வேயர் வாசலில் நாற்காலி போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லா தூங்கினீங்களா?"

"ஓ, நல்லா."

முகமூடியின் பட்டை கன்னத்தில் பதித்துவிட்டுப் போகிற கோடு எப்போதும் காலை டீ வரைக்கும் மறையாது. அன்றைக்கு அவர் கன்னத்தில் ஒரு கோடும் இல்லை. அவள் உள்ளே போய் இன்வெர்ட்டரைப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. எப்போது நின்றதோ, அவளை எழுப்பாமல் அப்போதிருந்தே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"நீதான் லாரி ஓட்டிக்கிட்டிருந்தியே. எப்படி எழுப்பறது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் பார்க்காதபடி டிரெய்லருக்குள் போய்ப் படுக்கையை மடித்தாள்.

அன்று மருமகள் போனில் கூப்பிட்டபோது பஸ்ஸம்மா நடந்ததையெல்லாம் கொட்டினாள். மருமகள் கேட்டுவிட்டு, "அத்தை, எங்கம்மாவைக் கேளுங்களேன். அவங்க பொழுதன்னிக்கும் அந்த வேலைதானே பாக்கறாங்க" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். சம்பந்தியம்மா, லிஃப்ட் தயாரிக்கிற தொழிற்சாலை ஒன்றில் கண்ட்ரோல் பேனலுக்கு வயர் போடுகிறவர். பஸ்ஸம்மாவுக்கு அது தெரியும். ஆனால் சம்பந்தி என்பது கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. அலமாரியில் பார்த்துப் பார்த்து வைக்கலாம். எடுத்துப் புழங்க முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதெல்லாம், "நல்லா இருக்கீங்களா சம்பந்தியம்மா?" "நீங்க நல்லா இருக்கீங்களா சம்பந்தியம்மா?" என்பதுதான். நடுவில் ஒரு வார்த்தை கோணலாகப் போனால் பிள்ளைகள் வாழ்க்கையில் போய் முட்டுமோ என்று இரண்டு பேருக்குமே பயம். அப்படிப்பட்டவரிடம் போய், என் வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

இரண்டு நாள் மென்று விழுங்கினாள். கடைசியில் அந்தக் காலி நாற்காலி கண்ணில் பட்ட ஒரு காலையில், யோசிக்காமல் போன் போட்டுவிட்டாள்.

பேட்டரி செத்துப்போன கதையைப் படபடவென்று சொன்னாள். எதிர்முனையிலிருந்து, "என்ன பேட்டரி போட்டீங்க?" என்று கேள்வி வந்தது. நலம் விசாரிக்கவே இல்லை.

"பஸ் பேட்டரி."

"அது என்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு உள்ளது. ஒரே மூச்சுல பலத்தையெல்லாம் கொடுத்துட்டு ஓய்ஞ்சிடும். ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கறதுக்கு அது பொறக்கலை. எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை வரேன்."

சம்பந்தியம்மா சொன்னபடியே வந்தார். பஸ்ஸம்மா வீட்டைப் பெருக்கித் துடைத்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். வந்தவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. தோளில் இருந்த கனமான பையோடு நேராக டிரெய்லருக்குள் நுழைந்து, பலகையைத் தூக்கிப் பார்த்தார். பஸ்ஸம்மா போட்டிருந்த வயரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார், செத்த எலியின் வாலைத் தூக்குகிற மாதிரி.

"இது என்ன சம்பந்தியம்மா, நூல் கண்டா?"

"கடையில இதுதான்…"

"மெல்லிசு வயர்ல இவ்வளவு கரண்ட் போனா வயர் சூடாகும். சூடானா உருகும். நல்லவேளை, பேட்டரியே முந்திக்கிட்டு செத்துப்போச்சு. அந்தப் பேட்டரிக்கு நன்றி சொல்லுங்க."

சுருக்கென்றது பஸ்ஸம்மாவுக்கு. பிறகுதான் அந்தப் பேச்சில் நஞ்சு இல்லை என்பது புரிந்தது. தன் பஸ்ஸின் பிரேக்கை யாராவது பராமரிக்காமல் விட்டால் அவளும் இதே குரலில்தான் கத்துவாள்.

மெஷினை ஓடவிட்டு, அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சம்பந்தியம்மா மீட்டரில் அளந்து பார்த்தார். காற்றைத் தள்ளுகிற விசிறி கொஞ்சம்தான் தின்றது. காற்றை ஈரமாக்க உள்ளே தண்ணீரைச் சுடவைக்கிற ஹீட்டர்தான் மிச்சத்தையெல்லாம் தின்றது.

"காத்து குடிக்கிறது கைக்குழந்தை. சுடு தண்ணி குடிக்கிறது யானை. யானைப் பசிக்குச் சோளப்பொரி கட்டுமா? ஹீட்டர் இல்லாம தூங்குவீங்களா, அண்ணா?"

சர்வேயர், "நான் பாறை மேலயே தூங்கினவன்மா" என்றார். எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள் பஸ்ஸம்மா. மறுநாளே கேட்டாள்; மூக்கு வறண்டுபோகாத பருவத்தில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டலாம் என்றார் டாக்டர். இன்வெர்ட்டரும் வேண்டாம் என்று ஆயிற்று. பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி, அதை மெஷின் மறுபடி தனக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்வதில் வீணாவது அதிகம். மெஷினுக்கென்றே, பேட்டரியிலிருந்து நேராக எடுக்கிற தனி வயர் கிடைக்கிறது என்று சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டிரெய்லரே தொழிற்சாலை ஆயிற்று. புதிய லித்தியம் பேட்டரி வந்தது. பழையதில் பாதி கனம்கூட இல்லை. வண்டி குலுங்கினாலும் அது அசையாதபடி பலகைக்கு அடியில் பட்டை போட்டுக் கட்டினார்கள். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் வைக்க வேண்டும் என்பதில் சம்பந்தியம்மா பிடிவாதமாக இருந்தார். "வாட்ச்மேன் வாசல்ல நிக்கணும். கொல்லைப்புறத்துல நின்னு என்ன பிரயோஜனம்?"

பஸ்ஸம்மா ஸ்பேனரை எடுத்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மோதிரத்தைக் கழட்டுங்க."

"இது வராதுங்க. போட்ட நாளிலேர்ந்து கழட்டினதே இல்லை."

சம்பந்தியம்மா தன் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். வாட்ச் பட்டையின் அகலத்துக்கு வழவழப்பான ஒரு தழும்பு. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. வாட்சோட இரும்புப் பட்டை பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல பட்டுடுச்சு. கண் சிமிட்டற நேரம்தான்." சர்வேயர் ஓடிப்போய் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கல்யாணத்தில் அவர் போட்டுவிட்ட மோதிரத்தை, அவரே உட்கார்ந்து திருகித் திருகிக் கழற்றினார். "போடறப்ப இவ்வளவு கஷ்டமா இல்லையே" என்றார். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

வயர் நுனியில் லக் என்கிற செம்பு வளைய முனையை மாட்டி, நீளக் கைப்பிடி உள்ள இடுக்கியால் நசுக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய பஸ்ஸம்மாவின் கைக்கு அது நன்றாக வந்தது. சம்பந்தியம்மா ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்"மில் பாராட்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்க பஸ்ஸம்மாவுக்கு ஒரு முழு ஞாயிறு ஆயிற்று. கூரையில் சோலார் பேனலைப் பொருத்தினார்கள். பேட்டரியில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற சின்ன மீட்டரைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்கள்.

மின்சாரக் கெட்டில் விஷயத்தில்தான் உரசிக்கொண்டது. பஸ்ஸம்மா ஆசையாக ஒன்றை வாங்கி வைத்திருந்தாள்.

"கெட்டில் வேணும்னா அது ஒரே நேரத்துல இழுக்கற கரண்டுக்கு இன்வெர்ட்டரும் இன்னும் நாலு பேட்டரியும் வைங்க. அப்புறம் அண்ணாவுக்குப் படுக்க இடம் இருக்காது."

"ஒரு டீ போடறதுக்கா இவ்வளவு?"

"ஒரு டீதான். மெஷின் ராத்திரி பூரா குடிக்கிறதுல பாதியை அந்த ஒரு டீ குடிச்சிடும். கேஸ் அடுப்பு எதுக்கு இருக்கு?"

"நீங்க எப்பவுமே இப்படித்தான் அதட்டுவீங்களா?"

"நீங்க எப்பவுமே இப்படித்தான் அடம் பிடிப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை காலம் பொத்திப் பொத்திக் காத்த கண்ணாடிப் பாத்திரம் கீழே விழுந்துவிட்டது. பஸ்ஸம்மா சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இவள் முகத்தைப் பார்த்தார்.

"சரி, டீ போடுங்க," என்றார் சம்பந்தியம்மா. "அடுப்புல."

டீ குடிக்கும்போது, டிரெய்லர் படியில் உட்கார்ந்தபடி அவரே பேசினார். "பொண்ணு கல்யாணமாகிப் போனப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தாலே எனக்கு ஆகாது. வாரம் பூரா மெஷின் சத்தத்துல இருந்துட்டு, வீட்டுக்கு வந்தா சத்தமே இல்லை. உங்க போன் வந்தப்ப பேட்டரியைப் பத்தி உடனே கேட்டேனே, வேற ஏதாவது பேசினா நீங்க வெச்சிடுவீங்களோன்னு பயம்." பஸ்ஸம்மா எழுந்து போய் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் எதையோ காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஒழுகுகிற பானை ஒழுகுகிற பானைதான். சம்பந்தியம்மா ஒவ்வொரு ஃபியூஸாக உருவிப் பார்த்தார். பழைய விளக்குகளுக்குப் போகிற வயரில்தான் கசிவு என்று தெரிந்தது. ஆனால் விளக்குகள் எல்லாம் அணைந்தே இருந்தன. இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் மல்லாந்து கிடந்த சர்வேயர் கேட்டார்: "மேல இருக்கற அலமாரிக்குள்ள வெளிச்சம் எதுக்கும்மா?"

கதவிடுக்கில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. திறந்தார்கள். பழைய சொந்தக்காரர் உள்ளே ஒட்டியிருந்த குட்டி விளக்கு ஒன்று, கதவை மூடினால் அணைய வேண்டியது, அணையாமல் யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் காலையிலேர்ந்து தேடறோம்," என்றார் சம்பந்தியம்மா, "நீங்க படுத்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டீங்க."

"படுத்துக்கிட்டே பாக்கறதுதானே இப்ப என் உத்தியோகம்?"

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் பஸ்ஸம்மாவும் சர்வேயரும் கிளம்பினார்கள். பெரிய ஏரி ஒன்றின் கரை. சர்வேயர் இளவயதில் அளந்த இடம். தண்ணீருக்கு அப்பால் இருந்த மேட்டைக் காட்டி, "அங்க இருக்கற சர்வே கல்லை நட்டது நான்தான்" என்றார். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மின்கம்பம் இல்லை. இருட்டியதும் முகமூடியை மாட்டிக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த வலை ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தார். பஸ்ஸம்மா கட்டில் ஓர மீட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி மீட்டரைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவளுக்கே தெரியாமல் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலில் விழுந்திருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. பதறிப்போய் எழுந்து கதவைத் திறந்தாள். சர்வேயர் தண்ணீர் ஓரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார், பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. கிட்ட வந்தபோது அவர் கன்னத்தில் இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தன.

"அந்த மேடு வரைக்கும் போயிட்டு வந்தேன்," என்றார். "கல் அப்படியே இருக்கு."

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்மா." அவர் படியில் உட்கார்ந்து கால் சேற்றைத் துடைத்தார். அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இப்படி ஒரு காலைப் பொழுது இனிமே இல்லைன்னு நினைச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லலை. சொன்னா நீ வருத்தப்படுவே."

"தெரியும்," என்றாள் அவள். அவர் தோளில் கையை வைத்து, அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாருக்கு நன்றி சொல்வது என்று நினைத்தபோது மனசுக்குள் ஒரு கூட்டமே வந்து நின்றது. மெஷினை எழுதிக் கொடுத்த டாக்டர், மரத்தடியில் டிரெய்லரை விட்டுவிட்டுப் போனவர்கள், எங்கம்மாவைக் கேளுங்கள் என்ற மருமகள், காசு செலவானாலும் ஏன் என்று கேட்காத மகன். எல்லோருக்கும் முன்னால், தழும்பேறிய மணிக்கட்டோடு ஒருவர்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய் அவருக்கு போன் போட்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது வேறு: "சம்பந்தியம்மா, மீட்டர்ல எண்பத்தி ரெண்டு மிச்சம் காட்டுது."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு வழக்கமான குரல்: "எண்பத்தி அஞ்சு இருக்கணுமே. படிக்கட்டு விளக்கை அணைக்காம தூங்கிட்டீங்களா?"

"ஆமா."

"அதானே பாத்தேன். சரி, அண்ணா எப்படி இருக்கார்?"

"கால்ல சேறோட உட்கார்ந்திருக்கார். நீங்களும் வந்திருக்கணும்."

"கூப்பிட்டாத்தானே வரமுடியும்?"

"அடுத்த தடவை கூப்பிடவேமாட்டேன். நேரா வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிப்பேன். ஏறிக்கோங்க."

சொன்னதைச் செய்தாள். அடுத்த விடுமுறையில் சம்பந்தியம்மாவும் ஏரிக்கு வந்தார். பெண்கள் இருவரும் டிரெய்லருக்குள் படுக்க, சர்வேயர் வெளியே கூடாரம் அடித்துக்கொண்டார். மெஷினின் வயரை ஜன்னல் வழியாகக் கூடாரத்துக்குள் இழுத்துக் கொடுத்தவர் சம்பந்தியம்மாதான்; யாரும் கேட்காமலே, அந்த நீளத்துக்கு ஏற்ற தடிமனான வயரை வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்திருந்தார். இப்போதெல்லாம் அவர்கள் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்வதே இல்லை. போகிற வழி முழுக்கச் சண்டை. எந்த ரோட்டில் போவது, எங்கே நிறுத்துவது, பேனலில் வெயில் விழ வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று எல்லாவற்றுக்கும் சண்டை. பின் சீட்டில் சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற பாவனையில் சிரித்துக்கொண்டு வருவார்.

அந்த விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், பஸ்ஸில் ஏறிய ஒரு வாண்டு கேட்டது: "லீவுக்கு எங்க போனீங்க பஸ்ஸம்மா?"

"ஏரிக்குப் போனோம்டா கண்ணு."

"அங்க என்ன பண்ணீங்க?"

"தூங்கினோம்," என்றாள் பஸ்ஸம்மா. கதவை மூடி, கண்ணாடியில் ஒருமுறை எல்லோரையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.